பிசுக்கு சொல்லும் பற்றாக்குறை

தை மாதத்தில் அவரைப் பந்தலுக்குக் கீழே நின்று ஓர் இலையைத் தொட்டுப் பாருங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். மேலே இளந்தண்டு தெரியாதபடி கருகருவென்று அசுவினி அப்பியிருக்கும். கட்டெறும்புகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். அந்தப் பிசுக்கு அசுவினியின் கழிவு. அதில் பெரும்பகுதி சர்க்கரை.

குடித்ததை ஏன் இப்படிக் கொட்டுகிறது? செடியின் புளோயம் சாற்றில் சர்க்கரை ஏராளம், அமினோ அமிலங்கள் சொற்பம். வேண்டிய நைட்ரஜனைத் திரட்ட அசுவினி ஓயாமல் உறிஞ்ச வேண்டியிருக்கிறது. மிஞ்சும் சர்க்கரை பின்வழியே சொட்டுகிறது.

எவ்வளவு உறிஞ்சினாலும், பூச்சியால் தானே ஆக்கிக்கொள்ள முடியாத பத்து அமினோ அமிலங்கள் சாற்றில் போதாது. அவற்றைச் சமைத்துத் தருவது அசுவினியின் உடம்புக்குள் தனிச் செல்களில் குடியிருக்கும் புக்னெரா என்ற பாக்டீரியா. ஜெர்மன் விலங்கியலாளர் பால் புக்னரின் பெயரைத் தாங்கியது. சாற்றில் கிடைக்கும் எளிய அமினோ அமிலங்களும் அசுவினியின் கழிவு அம்மோனியாவும்தான் மூலப்பொருள். தாயிடமிருந்து கருவுக்கே புக்னெரா சென்றுவிடுகிறது. 2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தார்கள்: சுமார் 6.4 லட்சம் எழுத்துகள்தான். அதன் உறவான ஈ.கோலைக்கோ 46 லட்சம். தனியே பிழைக்க உதவும் மரபணுக்களில் பெரும்பாலானவற்றை உதறிவிட்டது; அசுவினிக்கான அமினோ அமிலங்களை ஆக்கும் மரபணுக்களை மட்டும் விடாமல் வைத்திருக்கிறது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆன்டிபயாடிக் கொடுத்துப் புக்னெராவை அழித்தால் அசுவினி குன்றிப்போகும். குட்டி போடுவதும் ஏறக்குறைய நின்றுவிடும்.

எறும்புக்கும் இதே இல்லாமைதான். இனிப்புக்காகப் பொறிவண்டை விரட்டி அசுவினியைக் காக்கிறது. ஆனால் வெறும் சர்க்கரையில் எறும்பின் புழுக்கள் வளருமா? கட்டெறும்பின் குடற்சுவரில் வாழும் பிளாக்மானியா என்ற பாக்டீரியா, வீணாகப் போகும் யூரியாவிலிருந்து நைட்ரஜனை மீட்டு அமினோ அமிலமாக்கித் தருகிறது.

எல்லோருக்கும் படியளப்பது அவரைக்கொடி. அதன் சர்க்கரையும் போகிறது, தழைச்சத்தும் போகிறது. போதாததற்குப் பிசுக்கில் கரும்பூசணம் படர்ந்து இலைக்கு வெயிலை மறைக்கிறது. செடி வாடுகிறதே என்று யூரியாவை அள்ளிப் போட்டால் சாற்றில் அமினோ அமிலம் கூடும், அசுவினி இன்னும் வேகமாகப் பெருகும். பந்தலில் அசுவினி திடீரென்று மண்டினால், மருந்தைப் பற்றிப் பேசுமுன் கடைசியாக எப்போது யூரியா போட்டீர்கள் என்றுதான் கேட்பேன்.