வானத்துக் கண்ணும் கானகக் காவலும்

பிரேசில் நாட்டின் அமேசான் பகுதி ஏறத்தாழ 50 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அம்மழைக்காட்டின் நடுவே ஒருவர் திருட்டுத்தனமாக மரம் வெட்டினால், காவலர் அதனை எவ்வாறு அறிவர்? படகிலும் கால்நடையாகவும் சுற்றிவந்து காப்பது இயலாத செயல். ஆகவேதான் விண்வெளியின் துணை நாடப்பட்டது.

செயற்கைக்கோள் உண்மையில் அளப்பது நிலத்திலிருந்து திரும்பிவரும் ஒளியையே. பசுமையான இலை சிவப்பு ஒளியை உட்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். மரங்கள் வீழ்ந்து மண் வெளிப்பட்டதும் இவ்விகிதம் மாறிவிடுகிறது. ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால், அழிந்த பரப்பு தனித்துத் தெரியும்.

பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் இவ்வாறு ஆண்டுதோறும் காடழிவைக் கணக்கிட்டு வருகிறது. ஆனால் ஆண்டுக்கொருமுறை வரும் கணக்கு, களவு முடிந்தபின் எழுதப்படும் புகாரைப் போன்றது. இக்குறையை நீக்க 2004இல் 'தெத்தெர்' என்னும் விரைவு எச்சரிக்கை முறை தொடங்கப்பெற்றது. அது புதிய வெட்டுகளின் இருப்பிடத்தை 'இபாமா' எனப்படும் சுற்றுச்சூழல் காவல் அமைப்புக்கு உடனுக்குடன் அறிவித்தது.

களவாடுவோரும் வாளாவிருக்கவில்லை. தொடக்கத்தில் பயன்பட்ட படங்களில் 25 ஹெக்டேருக்குக் குறைந்த வெட்டுகள் எளிதில் புலப்படா. இதனை உணர்ந்தோர் சிறுசிறு துண்டுகளாகக் காட்டை அழிக்கலாயினர். 2015இல் கூர்மையான படங்களைக் கொண்டு இம்முறை திருத்தியமைக்கப்பட்டது. மழைமேகம் மறைக்கும் மாதங்களில், மேகத்தை ஊடுருவும் ரேடார் அலைகள் கைகொடுக்கின்றன. எனினும், விலையுயர்ந்த மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டினால், எஞ்சிய மரங்களின் விதானம் அதனை மறைத்துவிடும். அப்போது மரத்தைத் தேடிப் பயனில்லை. அதை இழுத்துச்சென்ற தடத்தையும் அடுக்கிவைத்த களத்தையுமே தேடவேண்டும்.

விளைவு என்ன? 2004இல் 27,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டிய ஆண்டுக் காடழிவு, 2012இல் 5,000க்கும் கீழே இறங்கியது. செயற்கைக்கோள் மட்டுமே இதற்குக் காரணமன்று. காப்பு நிலங்கள் விரிவாக்கப்பட்டன. அபராதமும் பறிமுதலும் கடுமையாயின. ஆயினும், எங்கே செல்லவேண்டும் என்பதைக் காவலருக்குக் காட்டியது அந்த வானத்துக் கண்ணே.

அதன் மறுபக்கத்தையும் காலம் காட்டியது. 2019இல் அப்போதைய அதிபர் போல்சொனாரோ காடழிவுக் கணக்கையே பொய்யென்றார். அதனை மறுத்துரைத்த நிறுவனத் தலைவர் ரிக்கார்தோ கல்வாவ் பதவி நீக்கப்பட்டார். செயற்கைக்கோள்கள் முன்போலவே படமெடுத்தன, எச்சரிக்கைகளும் வந்தன. களக்காவல் தளர்ந்தமையால் 2021இல் அழிவு 13,000 சதுர கிலோமீட்டரைக் கடந்தது. 2023இல் புதிய அரசு காவலை மீண்டும் இறுக்கியது. 2024இல் அழிவு அதில் பாதிக்கும் குறைவாயிற்று.

கருவி சாட்சி சொல்லும், தீர்ப்பை நிறைவேற்றாது. பார்க்கும் ஆற்றல் வளர வளர, 'நாங்கள் அறியவில்லை' என்று ஆள்வோர் சொல்லும் வாய்ப்பு மட்டுமே குறைகிறது. எஞ்சிய பொறுப்பு மனிதனுடையது.