கேட்டவுடன் கிடைக்கும் மின்சாரம்

வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பொருத்தக் கடன் கேட்டு எமது பாணேர் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள், சூரிய மின்சாரம் இவ்வளவு மலிவாகிவிட்ட பிறகு அணைகளும் நீர்மின் நிலையங்களும் எதற்கு என்று வினவுவதுண்டு. நியாயமான வினாதான். அதற்கான விடை பாணேரின் வடக்கே ஓடும் முளா ஆற்றிலேயே இருக்கிறது.

மேற்கே முள்ஷி என்னுமிடத்தில் இவ்வாற்றுக்குக் குறுக்கே டாடா நிறுவனம் கட்டிய அணை உள்ளது. அங்குத் தேங்கும் நீரில் பெரும்பகுதி பாணேருக்கு வருவதில்லை. சகியாத்ரி மலையைக் கடந்து மேற்கே திருப்பப்பட்டு, அடிவாரத்திலுள்ள பீரா மின்நிலையத்தில் விழுந்து, குண்டலிகா ஆற்றின் வழியே அரபிக் கடலைச் சேர்கிறது. இயல்பாக ஓடியிருந்தால், பீமா, கிருஷ்ணா ஆறுகளோடு கலந்து வங்கக் கடலுக்குச் சென்றிருக்க வேண்டிய நீர் அது.

ஆற்றைத் திருப்பியதற்குக் காரணம் உயரம். விழும் நீரின் எடையும் அது விழும் உயரமும் சேர்ந்தே மின்சாரத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. பீராவில் நீர் ஏறத்தாழ 500 மீட்டர் இறங்குகிறது. குழாயின் முனையிலிருந்து பீறிட்டு, கிண்ணங்கள் பொருத்திய சக்கரத்தைத் தாக்குகிறது. சக்கரத்தோடு இணைந்த மின்னாக்கி சுழல்கிறது. நம் மொட்டைமாடித் தொட்டியின் அளவான 1,000 லிட்டர் நீர் அந்த உயரத்திலிருந்து விழுந்தால், இழப்புகள் போக, ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் கிடைக்கும். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டமான 120 அடியிலிருந்து அதே நீர் விழுந்தால், அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

இத்தகைய நிலையங்களுக்கு முதலீடு மிகப் பெரிது. எரிபொருள் செலவோ இல்லை. கடன் அடைந்தபின் வாடகையின்றிக் குடியிருக்கும் வீட்டைப் போன்றவை இவை. 1927-இல் இயங்கத் தொடங்கிய பீரா இன்றும் மும்பைக்கு மின்சாரம் அளித்து வருகிறது.

ஆயினும் நாட்டின் மொத்த மின் உற்பத்தியில் நீர்மின்சாரத்தின் பங்கு பத்தில் ஒன்றைக்கூட எட்டுவதில்லை. அதன் மதிப்பு அளவில் இல்லை. கேட்ட நேரத்தில் கிடைப்பதில் இருக்கிறது. மின் கட்டமைப்பில் உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். குளிர்ந்துவிட்ட நிலக்கரி நிலையத்தை மீண்டும் இயக்கப் பல மணி நேரம் ஆகும். நீர்மின் நிலையத்துக்குச் சில நிமிடங்கள் போதும். எமது மொழியில் சொல்வதானால், நிலக்கரி மின்சாரம் நிரந்தர வைப்பு. அணை நீர் சேமிப்புக் கணக்கு.

2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடெங்கும் 9 நிமிடங்கள் விளக்குகள் அணைக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது மின்தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. இது எதிர்பார்த்ததைவிட இருமடங்குக்கும் மேல். அரை மணி நேரத்துக்குள் சுமார் 17,500 மெகாவாட் உற்பத்தியைக் குறைத்து, விளக்குகள் எரியத் தொடங்கியதும் மீண்டும் உயர்த்தியவை நீர்மின் நிலையங்களே. கட்டமைப்பு நிலைகுலையவில்லை. சூரியன் மறைந்தபின் தகடுகள் ஓய, வீடுகளில் விளக்கும் குளிர்சாதனமும் இயங்கத் தொடங்கும்போது, இதே பணி சிறிய அளவில் அன்றாடம் நிகழ்கிறது.

இதற்கான விலையை முதலில் கொடுத்தவர்கள் முள்ஷிப் பள்ளத்தாக்கின் விவசாயிகள். தம் நெல்வயல்கள் மூழ்குவதை எதிர்த்து 1921-இல் அவர்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அதற்குத் தலைமையேற்றுச் சிறை சென்ற பாண்டுரங்க மகாதேவ் பாபட், அப்போராட்டத்தால்தான் ‘சேனாபதி’ என அழைக்கப்பட்டார். அணை நிற்கவில்லை, வயல்கள் மூழ்கின. மேற்கே செல்லும் நீரை வறண்ட பீமா வடிநிலத்துக்கே விட வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் எழுகிறது. எமது கருத்தில் அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. குடிநீருக்கு மாற்று இல்லை, மின்சாரத்துக்கு உண்டு.

பீராவிலேயே உள்ள 150 மெகாவாட் நீரேற்று மின்பிரிவு ஒரு வழியைக் காட்டுகிறது. மின்சாரம் மிகுந்திருக்கும் வேளையில் கீழேயுள்ள நீரை மேலேற்றி, தேவைப்படும்போது மீண்டும் இறக்குவதே இம்முறை. நான்கு யூனிட் செலவிட்டால் ஏறத்தாழ மூன்றுதான் திரும்பும். எந்த வங்கியாளரும் விரும்பாத வைப்பு! ஆனால் நண்பகலில் மலிவாகக் கிடைக்கும் சூரிய மின்சாரத்தைச் செலுத்தி, மாலையில் அருமையான மின்சாரத்தைப் பெறுவதால் கணக்கு நேராகிறது. அதே நீர் திரும்பத் திரும்பப் பயன்படுவதால், அந்த அளவுக்குப் புதுநீரை மேற்கே இறக்கவும் தேவையில்லை. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் இம்முறையில் 1980-களின் பிற்பகுதி முதல் இயங்குகிறது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் திட்டம் மேற்கொள்ளப்பட்டுள்ளது.