55 வேடங்களில் ஒரே நடிகர்: தூர்தர்ஷனைச் சிரிக்க வைத்த தொடரின் பின்னணி

புது தில்லி: வாரம் ஒரு கதை, கதைதோறும் ஒரு புது மனிதர். ஏறத்தாழ 55 வாரங்களில் 55 வேடங்கள். அத்தனையையும் ஏற்றவர் ஒரே நடிகர். தூர்தர்ஷனில் 1984-ஆம் ஆண்டு தொடங்கிய "யே ஜோ ஹை ஜிந்தகி' என்ற இந்தி நகைச்சுவைத் தொடரில் சதீஷ் ஷா நிகழ்த்திய சாதனை இது. 2025 அக்டோபர் 25-ஆம் தேதி மும்பையில் அவர் காலமானபோது பலரும் நினைவுகூர்ந்த தொடர்களில் இதுவும் ஒன்று.

பெரும்பாலான நிகழ்ச்சிகளைத் தூர்தர்ஷனே தயாரித்து வந்த காலம் அது. தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலராக எஸ்.எஸ். கில் இருந்தபோது, விளம்பரதாரர் செலவில் தனியார் தொடர்களைத் தயாரிக்க வழி திறக்கப்பட்டது. 1984 ஜூலை 7-இல் "ஹம் லோக்' தொடங்கியது. அதே ஆண்டில் எஸ்.எஸ். ஓபராய் தயாரிப்பில் இந்த நகைச்சுவைத் தொடரும் வந்தது. விளம்பரதாரர் விக்கோ நிறுவனம்.

கதைக்களம் மிகச் சிறியது. நடுத்தரக் குடும்பத்துக் கணவன் ரஞ்சித்தாக ஷஃபி இனாம்தார், மனைவி ரேணுவாக 1979-ஆம் ஆண்டின் இந்திய அழகி ஸ்வரூப் சம்பத், ரேணுவின் தம்பி ராஜாவாக ராகேஷ் பேடி. "என்ன நடக்கிறது இங்கே?' என்று இந்தியில் அலறும் மேலதிகாரி டிக்கு தல்சானியா. எழுதியவர் இந்தி அங்கத எழுத்தாளர் சரத் ஜோஷி. முகப்புப் பாடலைப் பாடியவர் கிஷோர் குமார்.

வீடும் மாறாது, வீட்டாரும் மாறார் என்றால் வாரந்தோறும் புதுச் சிக்கலைக் கொண்டுவர வெளியாள் ஒருவர் தேவை. வழக்கமாக அதற்குப் புதுப்புது நடிகர்களை அழைப்பார்கள். இங்கே எல்லா வெளியாள்களும் சதீஷ் ஷாவே. அதனால் "இந்த வாரம் இவர் யாராக வருவார்?' என்ற கேள்வியே ரசிகர்களைக் காத்திருக்க வைத்தது.

தொடக்கத்தில் தொடரை இயக்கிய குந்தன் ஷாவுக்கு இந்த நடிகரின் திறமை முன்பே தெரியும். அவர் 1983-இல் எடுத்த "ஜானே பி தோ யாரோ' திரைப்படத்தின் பிற்பகுதியில் சதீஷ் ஷாவுக்குப் பிணத்தின் வேடம். வாய் திறவாமலேயே அவர் அரங்கைச் சிரிக்க வைத்தார். பின்னாளில் தொடரை ரமன் குமார் இயக்கினார்.

பஞ்சாபில் ராணுவ நடவடிக்கை, இந்திரா காந்தி படுகொலை, தில்லிக் கலவரம், போபால் விஷவாயு என நாடு கலங்கி நின்ற ஆண்டு 1984. அத்தகைய காலத்தில் யாரையும் புண்படுத்தாத அரைமணி நேரச் சிரிப்பு எளிய ஆறுதல் அன்று. "ஒலியும் ஒளியும்' முடிந்த வெள்ளிக்கிழமை இரவுகளில், இந்தி அறியாத தமிழக வீடுகளிலும் இத்தொடர் ஓடியது.

சரத் ஜோஷி 1991-இலும், ஷஃபி இனாம்தார் 1996-இலும், குந்தன் ஷா 2017-இலும் மறைந்தனர். இப்போது சதீஷ் ஷாவும் இல்லை. எஞ்சியிருப்பவை அவர்கள் விட்டுச் சென்ற காட்சிகளே. மக்கள் பணத்தில் இயங்கும் ஒலிபரப்பு நிறுவனம் அவற்றைப் பழுதின்றிப் பேணி அடுத்த தலைமுறைக்கு அளிப்பதே அக்கலைஞர்களுக்குச் செய்யும் உரிய மரியாதையாகும்.