ரெண்டடித் தொட்டியில் யாரோடு யார்?

நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்கு முதல்முறையாக மீன் வாங்க வருகிறவர்கள் பலரும் எடுத்துப்போவது இந்த அளவுத் தொட்டியைத்தான். விளிம்புவரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் தேறினால் அதிகம். அதே கடையில் நாலைந்து சிக்லிட் குட்டிகளும் பாலித்தீன் பைக்குள் ஏறிவிடுகின்றன. மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று, கறுப்புக் கோடு போட்டதில் ஒரு ஜோடி, விரல் நீளத்தில் ஓர் ஆஸ்கார். "எல்லாம் சிக்லிட்தான் சார், ஒண்ணா இருந்துக்கும்" என்று விற்பவர் உத்தரவாதம் வேறு தருவார்.

முதல் சில வாரங்கள் இருக்கத்தான் செய்யும். புது இடம், பயம், குட்டி உடம்பு. பிறகு ஒருநாள் கோடு போட்ட ஜோடி ஒரு கல்லின் மேல் முட்டை இடும். அன்று மாலைக்குள் மற்ற மீன்களெல்லாம் எதிர் மூலையில், தண்ணீரின் மேல்பரப்பை ஒட்டி, வால் கிழிந்து ஒண்டிக்கொண்டு நிற்கும். வாங்கியவர் மருந்துக் கடைக்காரரைப்போல நீல மருந்து, மஞ்சள் மருந்து என்று ஊற்றத் தொடங்குவார். நோய் ஒன்றும் இல்லை. தரையில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

சிக்லிட் என்பது ஒரே மாதிரியான மீன்களின் கூட்டம் அல்ல. இதுவரை பெயரிடப்பட்டவையே 1,600-க்கு மேல். நம் சந்தையில் எடை போட்டு விற்கும் ஜிலேபி ஒரு சிக்லிட். கேரளத்தில் வாழையிலையில் பொரித்துத் தரும் கரிமீனும் சிக்லிட்தான். சாதுவாகச் சிறகு விரித்து நிற்கும் ஏஞ்சல், பணக்காரர் வீட்டு டிஸ்கஸ், நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன் எல்லாமே இந்தக் குடும்பம். மூன்று செ.மீ.யில் முழு வளர்ச்சி அடைகிறவையும் உண்டு, முக்கால் மீட்டர் வளர்கிறவையும் உண்டு. எனவே "சிக்லிட்டோடு சிக்லிட் சேரும்" என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை.

இவை சண்டைக்காரர்கள் என்று பெயர் எடுத்ததற்குக் காரணம், நல்ல பெற்றோராக இருப்பதுதான். பெரும்பாலான மீன்கள் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். சிக்லிட் காவல் காக்கும், விசிறும், குஞ்சுகளை வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவரும். ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரென்ஸ் 1949-ல் வெளியிட்ட நூலில் ஜுவல் சிக்லிட் அப்பா ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இருட்டும் நேரத்தில் வழிதவறிய குஞ்சுகளை அது வாயால் பொறுக்கிக்கொண்டிருந்தது. அப்போது கிடைத்த மண்புழுத் துண்டை மென்றுகொண்டிருக்கும்போதே குறுக்கே ஒரு குஞ்சு வர, அதையும் கவ்விவிட்டது. வாய்க்குள் இப்போது இரண்டு: ஒன்று வயிற்றுக்கு, ஒன்று கூட்டுக்கு. மீன் அசையாமல் நின்றது. பிறகு இரண்டையும் துப்பியது. குஞ்சின் மேல் ஒரு கண் வைத்தபடியே புழுவை நிதானமாகத் தின்று முடித்து, குஞ்சைக் கவ்விக்கொண்டு வீட்டுக்குப் போனது.

அத்தனை பொறுப்பான அப்பாவை 45 லிட்டர் தண்ணீரில் வேறு நான்கு மீன்களோடு அடைத்தால், அந்த நான்கும் அதன் கண்ணுக்குக் குழந்தை திருடர்களே. ஆற்றில் என்றால் துரத்தப்பட்ட மீன் நான்கடி தள்ளி ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள்ளும். தொட்டியில் ஓடினால் கண்ணாடி. ஆகவே சிறு தொட்டிக்குக் கணக்குப் பார்க்க வேண்டியது லிட்டரை அல்ல, தரையை. ரெண்டடித் தொட்டியின் தரை 2 சதுர அடி. குகையிலோ கல்லிலோ முட்டையிடும் சிறு சிக்லிட்டில் ஒரே ஒரு ஜோடி தனக்கென்று பிடித்துக்கொள்ளும் இடமே அவ்வளவு இருக்கும்.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுகிறவை பெரிய உருவங்கள். ஆஸ்கார் ஓரடியைத் தொடும். அது திரும்பிப் படுக்கவே தொட்டி போதாது. 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவான ஃபிளவர்ஹார்ன், வீட்டுக்கு ராசி என்று வாங்கப்பட்டாலும் தனியாக இருக்கவேண்டிய மீன். குத்துச்சண்டை சாம்பியன் ஜாக் டெம்ப்ஸியின் பெயரை ஒரு சிக்லிட்டுக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கோடு போட்ட கான்விக்ட் சிறியதுதான், பத்துப் பன்னிரண்டு செ.மீ. ஆனால் முட்டையிட்டால் தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய மீனையும் ஓட ஓட விரட்டும். சிறு தொட்டியில் வைத்தே தீரவேண்டும் என்றால் ஜோடியை மட்டும் வைக்கலாம்.

"மிக்ஸ்டு ஆப்பிரிக்கன்" என்ற பெயரில் மஞ்சளும் நீலமுமாக விற்பவை ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறை இடுக்குகளில் வாழும் முபூனா வகை மீன்கள். இவற்றை நெருக்கியடித்து வளர்த்தால் சண்டை குறையும் என்பது உண்மையே. இருபது மீன் இருந்தால் அடி ஒரே மீன் மேல் விழாமல் பங்குபோடப்படும். அந்த உத்தி நான்கடித் தொட்டியில், பெரிய ஃபில்டரோடு பலிக்கும். ரெண்டடியில் இருபதை விட்டால் தண்ணீர் கெட்டுச் சாகும், ஐந்தை விட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சும்.

ஏஞ்சலுக்குப் பிரச்சினை வேறு. அதற்குத் தேவை உயரம். ஓரடி ஆழத்தில் அதன் துடுப்புகள் மேலும் கீழும் இடிக்கும். நியான் டெட்ராவோடு சேர்த்து விட்டால் ஆறு மாதத்தில் நியான்களின் எண்ணிக்கை குறைவதற்குக் காரணம் தேடி அலையவேண்டாம்.

அப்படியானால் எதை வைப்பது? நிறத்தைப் பார்ப்பதற்கு முன் குழாயைத் திறந்து பார்ப்பது நல்லது. வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.ஹெச். அளவையும் சொல்லும் சோதனைப் பட்டைகள் கடைகளிலேயே கிடைக்கின்றன. மீனுக்காகத் தண்ணீரை மாற்றுவதைவிட, தண்ணீருக்கேற்ற மீனைத் தேடுவது செலவும் குறைவு, சாவும் குறைவு.

சாதாரணத் தண்ணீருக்கு, முதல் சிக்லிட்டாக, கிரிபென்சிஸ்ஸை மிஞ்ச ஆளில்லை. நைஜீரியாவின் தென்பகுதி ஓடைகளைச் சேர்ந்தது. ஆண் சுமார் 10 செ.மீ., பெண் 7 அல்லது 8. இந்த மீனில் காதலைத் தொடங்குவது பெண். வயிறு செர்ரிப் பழ நிறத்தில் சிவக்க, உடம்பை வில்லாக வளைத்து, நடுங்கிக்கொண்டே ஆணின் முகத்துக்கு நேராகப் போய் நிற்கும். குகைக்குத் தேங்காய்ச் சிரட்டையே போதும். கொதிக்க வைத்து, நார் சுரண்டி, விளிம்பில் பெருவிரல் நுழையும் அளவுக்கு வெட்டிக் கவிழ்த்து வைத்தால், சில நாளில் உள்ளிருந்து மணலை வாய் வாயாக அள்ளி வந்து வாசலில் துப்புவதைப் பார்க்கலாம். முட்டைகள் சிரட்டையின் உட்கூரையில் ஒட்டப்படும். பெண் உள்ளே, ஆண் வெளியே காவல். வாசலை ஆணின் உடம்பு நுழையாத அளவுக்குச் சிறிதாக வெட்டுகிறவர்களும் உண்டு; கணவன் கோபத்தில் இருக்கும் நாளில் மனைவிக்கு அது அடைக்கலம்.

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. சிறு தொட்டியில் செத்துப்போகும் சிக்லிட்களில் கணிசமானவை சொந்த ஜோடியாலேயே கொல்லப்படுகின்றன. கடையில் கண்ணால் பார்த்து ஓர் ஆண், ஒரு பெண் என்று பிடித்துக் கொடுப்பது ஜோடி ஆகாது. ஆறு குட்டிகளை வாங்கி ஒன்றாக வளர்த்து, அவையாகவே சேர்ந்த இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பிக் கொடுப்பதே பழைய கைகளின் வழக்கம்.

ஜோடியை முழுத் தனிமையில் வைப்பதும் எப்போதும் சரிவராது. துரத்துவதற்கு வெளியாள் யாருமே இல்லாவிட்டால் ஆணின் கோபம் பெண்ணின் பக்கம் திரும்பும். வேறு மீனே கண்ணில் படாத தொட்டியில் சிக்லிட் பயந்து குகைக்குள்ளேயே கிடக்கவும் கூடும். அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் பார்லோ 1968-ல் இதற்கு ஒரு வழி எழுதினார். மேல்மட்டத்தில் கவலையில்லாமல் திரியும் சிறுமீன் கூட்டம் ஒன்றை விட்டால், "ஆபத்து ஒன்றும் இல்லை போலிருக்கிறது" என்று சிக்லிட்டும் தைரியமாக வெளியே வரும். கிரிபென்சிஸ்ஸுக்கு இந்த வேலையைச் செய்ய நம் ஊர் ஜீப்ரா டேனியோ எட்டுப் போதும். மேலே அவை, கீழே இவை. விரட்டினால் சிட்டாய்ப் பறந்துவிடும், அடி படாது.

தரைமட்டத்தில் வாழும் மீனைத்தான் கூட்டாளியாகச் சேர்க்கக்கூடாது. கோரிடோராஸ் கெளுத்திகளுக்கு எல்லை என்றால் என்னவென்றே தெரியாது. முட்டைக் குகையின் வாசலில் போய் மேய்ந்து, கண்ணைப் பறிகொடுக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று தலையில் கட்டப்படும் சக்கர் மீன் இன்னும் மோசம். கவசம் போட்ட உடம்பு, கடித்தாலும் நகராது. இரவில் சிக்லிட் கண்தெரியாமல் நிற்கும் நேரத்தில் முட்டைகளை வழித்துத் தின்றுவிடும். ஓரடிக்கு மேல் வளரவும் செய்யும்.

வீட்டுத் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடினத் தண்ணீர் என்றால் பலரும் சலித்துக்கொள்வார்கள். அந்த வீட்டுக்கென்றே இருக்கிறது, உலகின் மிகச்சிறிய சிக்லிட்களில் ஒன்றான மல்ட்டி. முழுப்பெயர் நியோலாம்ப்ரோலோகஸ் மல்ட்டிஃபாஸியாட்டஸ். ஆண் நான்கு செ.மீ. சொச்சம், பெண் மூன்று. ஆப்பிரிக்காவின் டாங்கன்யிகா ஏரியடியில் குவிந்துகிடக்கும் காலி நத்தை ஓடுகளே இவற்றின் வீடு. தண்ணீர் அங்கே காரத்தன்மை உடையது, பி.ஹெச். எட்டரைக்கு மேல். ரெண்டடித் தொட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மெல்லிய மணல், அதன்மேல் வயல் நத்தை ஓடுகள் இருபது, ஆறு குட்டிகள். அலங்காரம் என்று வேறெதுவும் வேண்டாம், மீன்களே அதைச் செய்துகொள்ளும்.

ஓட்டை ஒட்டி நின்று மல்ட்டி வாலை அடித்து மணலைக் கிளப்பும். அடியில் பள்ளம் விழ, ஓடு மெல்ல இறங்கும். வாய் மட்டும் தெரியும்வரை புதைத்துவிட்டு, மிஞ்சிய மணலை வாயில் அள்ளிக்கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் கொட்டும். அடுத்த வீட்டுக்காரி அதை அள்ளி இங்கே கொட்டுவாள். இந்த வழக்கு முடிவதே இல்லை. ஆனால் உயிர்ச்சேதம் அரிது, ஏனென்றால் இவை கூட்டமாக வாழப் பழகிய இனம். முந்தைய ஈட்டுக் குஞ்சுகள் வளர்ந்த பின்னும் வீட்டைவிட்டு விரட்டப்படுவதில்லை. மூன்று தலைமுறை ஒரே தொட்டியில் இருக்கும். சிறு தொட்டியில் "பல சிக்லிட்" வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நேர்மையான பதில் இதுதான். ஒரே இனத்தில் பல.

ராம் என்ற குட்டி நீலமீன் இதற்கு நேர்மாறு. வெனிசுவேலா, கொலம்பியாவின் ஓரினோகோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. மென்மையான தண்ணீரும் 27 முதல் 30 டிகிரி வெப்பமும் கேட்கும். வெப்பம் நமக்குப் பிரச்சினையே இல்லை, தண்ணீர்தான். ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து, நாட்டு வாதுமை இலையைப் போட்டு வைப்பவர்களிடம் ராம் பிழைக்கிறது. மற்றவர்களிடம் மூன்று மாதம். கூட்டாளியாக டேனியோ இதற்கு ஆகாது, அது குளிர்ச்சி விரும்பி. கார்டினல் டெட்ரா ஆகும். உடம்பு உருண்டையாக, முதுகெலும்பு சுருங்கிப்போன "பலூன் ராம்" என்ற வடிவத்தை வாங்காமலிருப்பது அந்த மீனுக்குச் செய்யும் உபகாரம். அப்பிஸ்டோகிராமா என்ற குட்டி சிக்லிட் இனங்களுக்கும் ஏறக்குறைய இதே தண்ணீர்தான். அவற்றில் பலவற்றுக்கு ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண், பெண்ணுக்கு ஆளுக்கொரு குகை என்பது கணக்கு. அதற்கு ரெண்டரை, மூன்றடி நீளத் தொட்டி இருந்தால் நிம்மதி.

மூன்றடித் தொட்டி கைக்கு வந்துவிட்டால் யோசிக்கவேண்டிய மீன் ஒன்று நம் கடற்கரையிலேயே இருக்கிறது. கேரளத்தார் பள்ளத்தி என்று சொல்லும் ஆரஞ்சு குரோமைட். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிமுகங்களிலும் காயல்களிலும் வாழ்கிறது, 8 செ.மீ. அளவு. லேசான உப்புத் தண்ணீர் இதற்குச் சௌகரியம். உப்பேறிய போர் தண்ணீரைக் கண்டு மற்ற சிக்லிட்கள் வாடும் வீட்டில் இது செழிக்க வாய்ப்புண்டு. ஆறாகவோ எட்டாகவோ வளர்க்கவேண்டும், தனியாக விட்டால் மிரளும். குஞ்சுகள் தாய் தகப்பனின் உடம்பில் சுரக்கும் கோழையைக் கொத்தித் தின்று வளர்வதை, டிஸ்கஸ் வாங்க வசதியில்லாதவர்களும் இதில் பார்க்கலாம்.

எது எதோடு சேரும் என்ற கேள்விக்கு இந்த மீனே ஒரு விசித்திரமான சாட்சி. சொந்தக்காரனான கரிமீனின் உடம்பிலும் துடுப்பிலும் உள்ள ஒட்டுண்ணிகளை ஆரஞ்சு குரோமைட் பொறுக்கித் தின்று சுத்தம் செய்வதை வைமன், வார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1972-ல் பதிவு செய்தார்கள். கரிமீன் வந்து நின்று கொடுக்கும். அதே கரிமீன் முட்டையிட்டால், அந்த முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்ன முயல்வதும் இதே ஆரஞ்சு குரோமைட்தான். காயலில் இருவருக்கும் இடம் இருக்கிறது, நடக்கிறது.

எந்த இனத்தை எடுத்தாலும் ஜோடி சேர்ந்தால் குஞ்சு வரும். கிரிபென்சிஸ் ஒரு ஈட்டில் நூற்றுக்கு மேல் பெருக்கும். அடுத்த முட்டைக்கு நாள் நெருங்குகையில் பழைய குஞ்சுகளை எடுத்து மாற்ற இன்னொரு தொட்டியோ, வாங்கிக்கொள்ளும் கடையோ முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கவேண்டும். பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விடுவது மட்டும் வேண்டாம். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் ஜிலேபி இன்று இல்லாத குளம் இல்லை. தொட்டியிலிருந்து தப்பிய சக்கர் மீன் வலைகளில் ஏறி மீனவர்களின் கையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.