இயக்கமும் ஓய்வும்: வீட்டில் சுழற்சி டைமரைப் பயன்படுத்தும் முறை

வங்கியில் நிலையான அறிவுறுத்தல் ஒன்றைப் பதிவு செய்துவிட்டால், மாதந்தோறும் குறித்த நாளில் குறித்த தொகை நம் சேமிப்புக் கணக்கிலிருந்து தொடர் வைப்புக் கணக்கிற்குச் சென்றுவிடுகிறது. நாம் அதை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு மின்சாதனங்களுக்கும் இத்தகைய அறிவுறுத்தலை அளிக்கவல்ல சிறு கருவி ஒன்று உண்டு. சுவரிலுள்ள சாக்கெட்டில் அதனைச் செருகி, சாதனத்தின் பிளக்கை அதில் செருகினால் போதும். நாம் குறித்த நேரம் சாதனம் இயங்கும். குறித்த நேரம் ஓய்ந்திருக்கும். பின்னர் மீண்டும் இயங்கும். இதனைச் சுழற்சி டைமர் என்கிறோம்.

நிலையான அறிவுறுத்தல் தேதியை மட்டுமே அறியும். அந்த மாதம் வீட்டில் திருமணச் செலவு இருக்கிறது என்பதை அது அறியாது. டைமரும் அவ்வாறே நேரத்தை மட்டுமே அறியும். தண்ணீர் நிரம்பிவிட்டதா, அறை குளிர்ந்துவிட்டதா, வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பவை அதற்குத் தெரியா. ஆகவே எந்தப் பணியை அதனிடம் ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கலாகாது என்று பிரித்தறிவதில்தான் இக்கருவியின் பயனும் பாதுகாப்பும் அடங்கியுள்ளன.

இருவகை டைமர்கள்

கடைகளில் கிடைக்கும் டைமர்களுள் பெரும்பாலானவை 24 மணி நேர டைமர்கள். இவை கடிகார நேரத்தைப் பின்பற்றுபவை, ‘காலை 5.30 மணிக்கு இயக்கு, 6 மணிக்கு நிறுத்து’ என்பது போன்ற கட்டளைக்கு ஏற்றவை. கீசருக்கு இவ்வகையே பொருத்தம். 15 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.6 யூனிட் மின்சாரம் தேவை. 2,000 வாட் கீசர் இதனைச் சுமார் 18 நிமிடங்களில் செய்து முடித்துவிடும். இரவு முழுவதும் அதனை இயக்கத்தில் வைத்திருந்தால், வெந்நீர் இழக்கும் வெப்பத்தை ஈடுசெய்யவே மின்சாரம் மீண்டும் மீண்டும் செலவாகும்.

சுழற்சி டைமர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அதற்கு நாம் அளிப்பவை இரண்டே எண்கள்: இயக்க நேரம், ஓய்வு நேரம். 15 நிமிடம் இயக்கம், 45 நிமிடம் ஓய்வு என்று அமைத்தால், நாளொன்றுக்கு 24 சுற்றுகள் நடைபெறும். பல டைமர்களில் வினாடிக் கணக்கிலும் நேரத்தை அமைக்கலாம். பகலில் மட்டும் அல்லது இரவில் மட்டும் இயங்கும்படி ஒளியுணரி பொருத்திய வகைகளும் உள்ளன.

இயந்திர வகையைச் சேர்ந்த 24 மணி நேர டைமர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதையே ஓரளவு சுழற்சி டைமராகப் பயன்படுத்தலாம். அதன் வட்டத்தைச் சுற்றிலும் பெரும்பாலும் 96 சிறு பற்கள் இருக்கும். ஒரு பல் 15 நிமிடத்தைக் குறிக்கும். நான்கு பற்களுக்கு ஒன்று வீதம் இயக்க நிலையில் வைத்தால், மணிக்கு 15 நிமிடம் இயங்கும் சுழற்சி அமைந்துவிடும். 15 நிமிடத்திற்கும் குறைந்த இயக்கம் தேவைப்படும்போதுதான் தனிச் சுழற்சி டைமர் இன்றியமையாததாகிறது.

எப்பணிக்கு ஏற்றது?

ஒரு சாதனத்தை நாம் கையால் நிறுத்தும்போது எதைப் பார்த்து நிறுத்துகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவோமாயின் அப்பணி டைமருக்கு உரியது. நீர்மட்டம், வெப்பம், ஈரம் ஆகியவற்றைப் பார்த்து நிறுத்துவோமாயின் அப்பணி வேறு கருவிக்கு உரியது.

குளியலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன், காற்றோட்டமில்லாத சேமிப்பறையின் மின்விசிறி, மாடித் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் சிறிய பம்ப் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. சிறிது நேரம் கூடினாலும் குறைந்தாலும் இவற்றால் பெரும் தீங்கு நேராது.

மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தொட்டி நிரம்பிய பின்னும் டைமர் மோட்டாரை ஓட்டும். கீழ்த்தொட்டி வறண்டிருந்தாலும் ஓட்டும். நீரின்றி ஓடும் மோட்டார் பழுதடையும். நீர்மட்டத்தை உணர்ந்து இயங்கும் மிதவை சுவிட்சே இதற்கு ஏற்றது.

குளிர்பதனப் பெட்டியையும் ஏ.சி.யையும் சுழற்சி டைமரில் இணைக்கலாகாது. வெப்பத்தை உணர்ந்து தாமே நின்று இயங்கும் அமைப்பு அவற்றுள் ஏற்கெனவே உள்ளது. மேலும், நின்ற கம்ப்ரஸர் மீண்டும் இயங்குவதற்கு முன், உள்ளே அழுத்தம் சமநிலை அடையச் சில நிமிடங்கள் வேண்டும். அந்த இடைவெளியைத் தராமல் திரும்பத் திரும்ப இயக்கினால் கம்ப்ரஸர் சேதமடையும்.

இஸ்திரிப் பெட்டி, வாளியில் இடும் வாட்டர் ஹீட்டர், அறை சூடேற்றும் ஹீட்டர், மின்னடுப்பு ஆகியவற்றை ஆளில்லாத நேரத்தில் டைமரை நம்பி விட்டுவிடுதல் தீ விபத்திற்கு வழிவகுக்கும். ஆக்ஸிஜன் செறிவூட்டி போன்ற மருத்துவக் கருவிகளை எந்தச் சூழலிலும் டைமருடன் இணைக்கலாகாது.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. சாதனம் இயங்கிக்கொண்டிருக்கும்போது, அதன் சுவிட்சைத் தொடாமல், சுவர் சுவிட்சை மட்டும் அணைத்துச் சிறிது நேரம் கழித்து மீண்டும் போடுங்கள். சாதனம் தானாக இயங்கினால் அது டைமருடன் ஒத்துழைக்கும். மீண்டும் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் இயங்குமெனில், டைமரால் அதனை நிறுத்த முடியுமேயன்றி இயக்க முடியாது.

விடுமுறையில் செடிகளுக்கு நீர்

கோடை விடுமுறையில் 20 நாள் ஊருக்குச் செல்லும் குடும்பத்தின் பால்கனியில் பத்துத் தொட்டிச் செடிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு செடிக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் வீதம் 5 லிட்டர் நீர் வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலும் மணிக்கு 2 லிட்டர் சொட்டும் சொட்டுவான் ஒன்றைப் பொருத்தினால், பத்தும் சேர்ந்து மணிக்கு 20 லிட்டர் தரும். எனவே நாளொன்றுக்கு 15 நிமிட இயக்கம் போதுமானது. அதனை மூன்றாகப் பிரித்து, 5 நிமிடம் இயக்கம், 7 மணி 55 நிமிடம் ஓய்வு என்று அமைக்கலாம். ஒரே முறையில் பாய்ச்சினால் தொட்டியின் அடித்துளை வழியே நீர் வீணாகும். பிரித்துப் பாய்ச்சினால் மண் அதனை உள்வாங்கும்.

20 நாளுக்கு 100 லிட்டர் நீர் செலவாகும். நீர்மூழ்கி பம்ப் வறண்ட நிலையில் ஓடலாகாது என்பதால், பம்ப் மூழ்கியிருக்கும் அளவு நீர் எப்போதும் எஞ்சும்படி 130 அல்லது 150 லிட்டர் பீப்பாய் வைப்பது நல்லது. ஆவியாதலைக் குறைக்க அதனை மூடி வைக்க வேண்டும். கொசு முட்டையிடாமலிருக்கவும் மூடி உதவும்.

இங்கே பலரும் கவனியாத இடர் ஒன்றுண்டு. பீப்பாயின் நீர்மட்டம் சொட்டுவான்களைவிட உயரத்தில் இருந்தால், பம்ப் நின்ற பின்னும் குழாய் வழியே நீர் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். டைமர் மின்சாரத்தை நிறுத்தியிருக்கும், நீரை நிறுத்தியிராது. 20 நாள் நீர் ஓரிரு நாளில் வடிந்து, செடிகள் வாடி, பம்பும் கெட்டுப்போகும். ஆகவே பீப்பாயைத் தொட்டிகளைவிடத் தாழ்வாக வைக்க வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே முழு ஏற்பாட்டையும் இயக்கிப் பார்த்து, ஒவ்வொரு நாளும் பீப்பாயில் நீர் எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொண்டால் கணக்குச் சரியா என்பது தெரிந்துவிடும்.

மின்தடைக்குப் பின் என்ன நேரும் என்பதையும் அந்த வாரத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும். சில டைமர்கள் மின்சாரம் வந்ததும் சுழற்சியை முதலிலிருந்து, அதாவது இயக்கத்திலிருந்து, தொடங்கும். நாளில் நான்கைந்து முறை மின்தடை ஏற்படும் பகுதியில் செடிகள் கூடுதலாக நான்கைந்து முறை நீர் பெறும். பீப்பாயும் முன்னதாகவே வறளும். அமைப்பையே மறந்துவிடும் டைமர்களும் உள்ளன. இயந்திர டைமரோ மின்தடை நேரம் முழுவதும் நின்று, பின்னர் அத்தனை நேரம் பின்தங்கி ஓடும்.

ஆம்பியர் கணக்கு

டைமரின்மேல் அச்சிடப்பட்டுள்ள ஆம்பியர் அளவை வாங்குமுன் படித்தறிய வேண்டும். நம் நாட்டு வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். 6 ஆம்பியர் டைமர் அதிகபட்சம் 1,380 வாட் தாங்கும்; 16 ஆம்பியர் டைமர் 3,680 வாட் தாங்கும். 2,000 வாட் கீசரை 6 ஆம்பியர் டைமரில் இணைத்தால் அது உருகிவிடும்.

மோட்டார் உள்ள சாதனங்களுக்கு இக்கணக்கு போதாது. மோட்டார் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிட ஐந்து, ஆறு மடங்கு வரை மின்னோட்டம் இழுக்கும். சுழற்சி டைமரில் இத்தொடக்கம் நாளுக்குப் பலமுறை நிகழ்வதால், டைமரின் தாங்குதிறன் சாதனத்தின் தேவையைவிடப் பன்மடங்கு இருத்தல் நலம்.

டைமரின் ஆயுளும் சுற்றுகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததே. உள்ளிருக்கும் ரிலே எனும் சிறு சுவிட்ச் முழுச்சுமையில் பொதுவாக ஒரு லட்சம் முறை இயங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. ஒரு நிமிடம் இயக்கம், ஒரு நிமிடம் ஓய்வு என்று அமைத்தால் நாளுக்கு 720 சுற்றுகள். ஏறத்தாழ 139 நாளில் ஒரு லட்சத்தை எட்டிவிடும். மணிக்கு ஒரு சுற்று என்றால் 11 ஆண்டுகளுக்கு மேலாகும். தேவையற்ற குறுஞ்சுழற்சியைத் தவிர்ப்பதற்கு இதுவே தக்க காரணம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் டைமரையும் அப்படியே செருகிவிடலாகாது. அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட்; அதற்கெனச் செய்த கருவி இங்கு எரிந்துபோகும். நம் நாட்டு பிளக்குக்குப் பொருந்தி, அசையாமல் இறுக்கமாக அமரும் டைமரையே தேர்ந்தெடுக்க வேண்டும். தளர்ந்த இணைப்பு சூடேறும். நீர் புழங்கும் இடத்தில் எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருத்தல் இன்றியமையாதது.

சேமிப்பு உண்மையா?

ஓயாது ஓடும் 40 வாட் எக்ஸாஸ்ட் ஃபேன் நாளுக்கு 0.96 யூனிட் செலவழிக்கும். மணிக்கு 15 நிமிடம் மட்டும் ஓடினால் 0.24 யூனிட்; மாதத்தில் 21.6 யூனிட் மிச்சம். டைமர் தனக்கென 1 வாட் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், மாதத்திற்கு 0.72 யூனிட்டைக் கழிக்க வேண்டும். யூனிட் 7 ரூபாய் எனில் நிகரச் சேமிப்பு ஏறத்தாழ 146 ரூபாய். 1,000 ரூபாய் விலையுள்ள டைமர் ஏழு மாதங்களில் தன் விலையை ஈட்டிவிடும்.

இதே டைமரை 5 வாட் கொசுவிரட்டிக்குப் பயன்படுத்திப் பார்ப்போம். இரவு 10 மணி நேரத்தில் அதன் செலவு 50 வாட்-மணி. அதனைப் பாதியாகக் குறைத்தால் மிச்சம் 25 வாட்-மணி. டைமர் ஒரு நாளில் தனக்கென எடுத்துக்கொள்வதோ 24 வாட்-மணி. மின்சாரத்தில் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கொசுக்கடி மட்டும் கூடும்.

மின்சாரம் பயன்படுத்தும் நேரத்திற்கும் இனி விலை மாறும். மத்திய அரசு 2023 ஜூனில் திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், நேரத்திற்கேற்ற கட்டண முறைக்கு வழிவகுத்துள்ளன. சூரிய ஒளி நேரத்தில் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் கட்டணம் அமையும். ஸ்மார்ட் மீட்டர் பொருத்தி, இம்முறை நடைமுறைக்கு வந்துள்ள பகுதிகளில், பகலில் செய்யத்தக்க பணியைப் பகலுக்கு மாற்ற 24 மணி நேர டைமர் துணைபுரியும்.

டைமரை வாங்குமுன் மூன்று விவரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சாதனத்தின் வாட் அளவு, நாளொன்றுக்கு உண்மையில் தேவைப்படும் இயக்க நேரம், அது நிற்காமல் ஓடிவிட்டால் நேரக்கூடிய தீங்கு. முதல் இரண்டும் எந்த டைமர் வேண்டும் என்பதைச் சொல்லும். மூன்றாவது, டைமரே வேண்டுமா என்பதைச் சொல்லும். பொருத்திய பின்னரும், வங்கிக் கணக்கு விவரத்தை மாதம் ஒருமுறை சரிபார்ப்பது போல, டைமரின் அமைப்பையும் பிளக் சூடேறுகிறதா என்பதையும் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.