விழுங்க இடர்ப்படும் குழந்தை

ஒரு கவளம் சோற்றை விழுங்குவதற்கு நாம் சிந்தனை எதனையும் செலவிடுவதில்லை. ஆயினும் அச்சிறு செயல் செவ்வனே நிறைவேறுவதற்குப் பல தசைகளும் நரம்புகளும் முறை பிறழாது ஒத்துழைத்தல் வேண்டும். நா உணவைப் பின்னே தள்ளுகின்றது. அக்கணமே மூச்சுக்குழலின் வாயில் மூடிக்கொள்ள, உணவுக்குழாயின் மேல்வாயில் திறக்கின்றது. பின்னர்ச் சுருக்கமொன்று மேலிருந்து கீழாக அலைபோல ஓடி உணவைச் செலுத்துகின்றது. இதனைச் சுற்றுச்சுருக்கு என்பர். அவ்வலை அடியை எய்துமுன்னரே, இரைப்பையின் முகப்பிலுள்ள தசைவளையம் தளர்ந்து வழிவிடுகின்றது. இத்தொடரில் ஓரிடம் தவறினும் குழந்தை உண்ண இடர்ப்படும்.

வளர்ந்தோர், "நெஞ்சில் அடைக்கின்றது" என்று சொல்லிவிடுவர். கைக்குழந்தைக்கு அம்மொழி இல்லை. அது உண்ண மறுக்கும், வாந்தியெடுக்கும், இரவில் இருமும், எடை குன்றும். ஆகவே மறுப்பைப் பிடிவாதமென்றும், வாந்தியை இரைப்பைப் புளிப்பென்றும், இருமலைத் தொய்வு நோயென்றும் கொண்டு, மாதங்களும் சில வேளை ஆண்டுகளும் வீணே கழிவதுண்டு. உண்மை நோயை அறிதற்கு முதற்கருவி இயந்திரமன்று. உடனிருந்து ஊட்டுபவரின் கண்ணே.

பால் குடிக்கும்போதே இருமலும் திணறலும் தோன்றினும், பால் மூக்கால் வரினும், குறை பெரும்பாலும் தொண்டையில் உள்ளது. விழுங்கிச் சிறிது பொழுது கழிந்தபின், செரியாத உணவு புளிப்பின்றி அப்படியே மீளுமாயின் உணவுக்குழாயை ஐயுறல் வேண்டும். ஒவ்வொரு கவளத்துக்கும் நீர் கேட்பதும், ஒருவேளை உணவுக்கு மிக நெடும்பொழுது எடுப்பதும், காலையில் தலையணை நனைந்திருப்பதும் அத்தகைய அறிகுறிகளே. திண்ம உணவு மாத்திரம் தடைப்படின் குழாய் ஒடுங்கியிருக்கலாம். நீரும் சோறும் தொடக்கத்திலிருந்தே ஒருங்கு தடைப்படின் அசைவே குன்றியிருக்கலாம்.

அசைவுக் கோளாறுகளுள் நன்கறியப்பட்டது அக்கலேசியா. அதில் அடித் தசைவளையம் தளர மறுக்கின்றது, சுற்றுச்சுருக்கும் ஒழிகின்றது. தோமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1674ஆம் ஆண்டிலேயே இத்தகைய நோயாளி ஒருவரை விவரித்துள்ளார். குழந்தைகளிடையே இது மிக அரிது. ஆண்டொன்றுக்கு ஓரிலட்சம் குழந்தைகளுள் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படுகின்றது. அருமை காரணமாகவே இது பலகால் நினைவுக்கு வருவதில்லை. இந்நோயை ஐயுறும் மருத்துவர், "அழும்போது கண்ணீர் வருகின்றதா?" என வினவுதலும் உண்டு. கண்ணீரின்மையும் அதிரீனற் சுரப்பியின் குறைபாடும் இதனோடு சேர்ந்து வரும் பரம்பரை நோயொன்று உளது.

ஐயம் எழுந்தபின் பரிசோதனைகள் முறையே நிகழும். பேரியம் கலந்த பானத்தைக் குழந்தை விழுங்க, எக்ஸ்-கதிர் அதன் செலவைக் காட்டும். அக்கலேசியாவில் அகன்ற குழாயின் அடி, பறவையின் அலகுபோலக் கூம்பித் தோன்றும். அடுத்து உள்நோக்கிக் கருவியால் புண், ஒடுக்கம், அழற்சி ஆகியன உளவோவெனக் காண்பர். வெளித்தோற்றம் நன்றாயிருப்பினும் சிறு இழையத் துண்டுகளை எடுத்து ஆராய்வர்.

அசைவை அளந்தறிவது அழுத்தமானியே. மெல்லிய குழாயொன்றை மூக்கின்வழி இரைப்பை வரை செலுத்துவர். அதன் நெடுகிலுமுள்ள உணரிகள், ஒவ்வொரு விழுங்கலின்போதும் எழும் அழுத்தத்தைப் பதிவு செய்யும். இதற்குக் குழந்தை விழித்திருத்தல் வேண்டும். அழுகையும் புரளலும் அளவீட்டைக் குழப்பும். மேலும், இவ்வளவீடுகளுக்குரிய சிக்காகோ வகைப்பாடு வளர்ந்தோரை வைத்து வகுக்கப்பட்டது. எனவே குழந்தையின் பதிவை ஆய்ந்து தெளிதற்கு அத்துறையில் பயின்றவர் தேவை.

நோய் தெளிந்தால் வழியும் உண்டு. குழாயின் அடித்தசையை அறுத்து வழிசெய்யும் சிகிச்சையை எர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913இல் செய்து காட்டினார். அதன் திருந்திய வடிவங்கள் இன்று குழந்தைகளுக்கும் செய்யப்படுகின்றன.

நலமாயிருந்த குழந்தை திடீரென உமிழ்நீரையும் விழுங்கவொண்ணாது வடிப்பின், பரிசோதனை முறைகளை எண்ணிக் காத்திருத்தலாகாது. நாணயமோ பொத்தான் மின்கலமோ சிக்கியிருக்கலாம். அம்மின்கலம் இரண்டு மணித்தியாலத்துள்ளேயே குழாயை அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

ஏனைய வேளைகளில் பெற்றோர் செய்யத்தக்கது எளிது. குழந்தை எதை உண்டது, எத்துணைப் பொழுது எடுத்தது, எப்போது இருமியது, மீண்டது புளித்ததா, எடை எவ்வளவு என்பவற்றை இரு வாரம் குறித்து வையுங்கள். பேசவியலாத குழந்தைக்காக மருத்துவரிடம் பேசுவது அக்குறிப்பேயாகும்.