கருப்பட்டிக்கு நியாய விலை கிடைக்கும் வழி

சாயர்புரம், உடன்குடி முதலிய செம்மணற் பிரதேசங்களில் பனையே ஏழைக் குடும்பங்களின் ஆதாரமாகும். பனையேறி காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து மரமேறிப் பாளை சீவுகிறான். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிடில் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை அன்றைக்கே அவன் மனைவி புகையில் நின்று காய்ச்சிச் சிரட்டையில் வார்க்கிறாள். இவ்வளவு பாடுபட்டும், விலையை நிர்ணயிப்பவர் இவ்விருவரும் அல்லர்.

இதற்குக் காரணம் முன்பணமே. பருவம் தொடங்குமுன் வீட்டில் தானியமும் கையில் காசும் இரா. அப்போது வியாபாரியிடம் கடன் வாங்குபவன், காய்ச்சிய சரக்கை அவரிடமே அவர் சொல்லும் விலைக்கு அளிக்கக் கடமைப்படுகிறான். பருவத்தில் சரக்கு குவிவதால் விலையும் தாழ்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் விலை ஏறும்போது சரக்கு அவன் கையில் இல்லை.

இங்கே கடன் மட்டும் கொடுக்கும் சங்கம் போதாது. 1904-ஆம் வருஷத்து ஐக்கிய சங்கச் சட்டம் நாணய சங்கங்களுக்கே இடமளித்தது. 1912-ஆம் வருஷத்துச் சட்டமே விற்பனை முதலிய மற்றச் சங்கங்களுக்கும் வழி திறந்தது. கடன், சேமிப்பு, விற்பனை ஆகிய மூன்றும் ஒரே சங்கத்தின் பொறுப்பில் இருக்கவேண்டும். பருவத்திற்கு முன் கடன் தருக. சரக்கு வந்தவுடன் மதிப்பில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுக்க. ஈரம் புகாத கிடங்கில் வைத்து, விலை வரும்போது விற்க. கடனையும் செலவையும் கழித்து, மீதியை எடைக்குத் தக்கபடி பங்கிடுக.

குஜராத்திலுள்ள கேடா ஜில்லாவின் பால் உற்பத்தியாளர்கள் 1946-இல் இவ்வாறே ஒன்றுபட்டனர். அங்கே பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்ற விலை தருவது வழக்கமாயிற்று. இந்தச் சோதனை நமக்கும் இன்றியமையாதது. கரும்புச் சர்க்கரை கலந்த கருப்பட்டி மலிவாக விற்கப்படும் சந்தையில், சுத்தமான சரக்குக் காய்ச்சுபவனே நஷ்டமடைகிறான். ஆகவே சங்கத்தின் முத்திரை, உண்பவருக்கு உறுதியும் உழைப்பவனுக்குப் பாதுகாப்பும் ஆகும்.

2021-ஆம் வருஷத்து வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில், நியாய விலைக் கடைகளில் பனைவெல்லம் விற்கப்படும் என்றும், பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்றும் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தனர். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. இவை நல்ல துணைகளே. எனினும், ஏறுகிறவனுக்குக் கூலி கட்டாவிடில் அவன் மகன் பட்டணத்து வேலைக்குப் போவான். மரம் செங்கற்சூளைக்குப் போகும். நட்ட பனை பாளை விடப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலால், அங்கத்தினர்கள் தங்கள் சரக்கு முழுவதையும் சங்கத்தின் மூலமே விற்பது என்று அடுத்த பருவத்திற்கு முன்னரே தீர்மானித்துக்கொள்வார்களாக. பாதிச் சரக்கு வெளியே போகும் சங்கத்திற்கு விலை பேசும் பலம் இராது.